ஏழு நிமிடத் தண்ணீர்

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ரய்யா தன் பள்ளி வேனுக்கு அடியில், வாய்க்காலுக்குள் மல்லாந்து படுத்திருந்தாள்.

வாய்க்கால் காய்ந்து கிடந்தது. இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், சிமெண்ட் பூச்சு. மலையடியிலிருந்து ஃபலஜ் என்ற ஊர்ப் பொதுக் கால்வாயில் வரும் தண்ணீர் அதன் வழியாகத்தான் கீழ்த் தோட்டங்களுக்குப் போகும். சந்தின் நடுவே அது ஓடியது. வேனின் இடப்பக்கச் சக்கரங்கள் ஒரு கரையிலும் வலப்பக்கச் சக்கரங்கள் மறு கரையிலும் நின்றன. ஊரில் எல்லோரும் செய்வதுதான். யாருக்கும் தண்ணீர் முறை இல்லாத நேரமாகப் பார்த்து வண்டியை வாய்க்காலுக்கு மேல் நிறுத்திவிட்டு உள்ளே இறங்கிப் படுத்தால் ஜாக்கி வேண்டாம், குழி வேண்டாம். செய்யக் கூடாது என்று ஃபலஜ் கமிட்டி சொல்லியிருந்தது. சொன்னவர்களும் செய்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு வரை செய்தார்கள். அப்புறம் அந்தப் படம் வந்தது.

கீழ்த் தோட்டத்து நதீரா எடுத்த படம். அவளுடைய எலுமிச்சைப் பாத்தியில் நின்ற தண்ணீரின் மேல் ஒரு முழத்துக்கு ஊதாவும் பச்சையுமாக ஆயில் படலம். ஊர் குரூப்பில் போட்டுவிட்டு, மேலே சந்தில் நாள் முழுக்க நிற்பது ஒரே ஒரு வண்டிதான் என்று எழுதியிருந்தாள். பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

கமிட்டி கூடியது. என் வேனில் ஒரு சொட்டு ஒழுகாது, படம் போட்டவள் பொய் சொல்கிறாள் என்று ரய்யா எல்லோர் முன்பும் சொன்னாள். நதீராவின் மாமியாரும் அங்கே இருந்தாள். தண்ணீர் முறைகளைக் கவனிக்கும் ஃபலஜ் வகீல் ஹுமைத் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டிருந்துவிட்டு, இந்தத் தடவை விட்டுவிடலாம் என்றார். இன்னொரு தடவை தண்ணீரில் ஆயில் தெரிந்தால் வேன் சந்துக்குள் வரக் கூடாது.

வேன் சந்துக்குள் வராவிட்டால் மேல்தெருவுக்குப் போக முடியாது. மேல்தெருவில் பதினோரு பிள்ளைகள். அவர்களை ஏற்ற முடியாதென்றால் பள்ளிக்கூடம் வேறு வண்டியைப் பார்த்துக்கொள்ளும். ரய்யாவின் கணவன் பத்ர் ஸலாலாவில் காவல் வேலையில் இருந்தான். மாதத்துக்கு ஒருமுறை வருவான். வேன்தான் அவளுடையது. ஆறு வருடமாக ஓட்டுகிறாள்.

வீட்டுக்குப் போனதும் குரூப்பின் சத்தத்தை அணைத்தாள். அதன் பிறகு அதைத் திறக்கவில்லை.

புதன்கிழமை மதியம், பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து நிறுத்திய இடத்தில், தரையில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. விரல் நுனியால் தொட்டாள். ஆயில்.

அப்போதே அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து அடியில் போட்டாள். வியாழக்கிழமை காலையில் அட்டையில் ஏழு புள்ளிகள். டார்ச் அடித்துப் பார்த்தாள். ஆயில் ஃபில்டரின் கழுத்தில் ஈரம். ஐந்து வாரத்துக்கு முன்பு நிஸ்வா ரோட்டில் ஒரு கடையில் மாற்றியது. கடைக்காரன் என்ன செய்தான் என்று தெரியவில்லை. திரும்பப் போக வேண்டுமென்றால் ஒழுகிக்கொண்டே சந்து முழுக்கப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை கடையும் மூடியிருக்கும். வாரத்தின் முதல் பள்ளி நாளான ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு முதல் பிள்ளை வாசலில் நிற்கும்.

அவளுக்கே மாற்றத் தெரியும். இரண்டு தடவை மாற்றியிருக்கிறாள். தெரியாதது, ஒரு சொட்டும் சிந்தாமல் மாற்றுவது.

நேரத்தை அவள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தாள். வெள்ளிக்கிழமை பத்திலிருந்து ஒன்று வரை பள்ளிவாசலின் முறை. தண்ணீர் மேலேயே, பள்ளிவாசல் மடையில், பள்ளிவாசலுக்குச் சொந்தமான பேரீச்ச மரங்களுக்குத் திரும்பிவிடும். இந்தச் சந்துக்கு வராது. அவள் பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஆண்களும் குளித்து, அத்தர் பூசி, பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். சந்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

எல்லாம் தயாராக இருந்தது. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அரைமணி நேரம் ஆறவிட்டிருந்தாள். சூடாக இருந்தால் ஆயில் தண்ணீர் மாதிரி ஓடும், முழுக்க ஆறிவிட்டால் பிடித்துக்கொண்டு வராது. கீழ்த் திருகைக் கழற்றி எஞ்சினில் இருந்த ஆயிலை நெய் டின்னில் பிடித்து, மூடி போட்டு, சுவர்மேல் ஏற்றி வைத்தாள். ஒரு சொட்டும் கீழே விழவில்லை. திருகைத் திரும்ப முடுக்கினாள். தலைக்கு மேற்புறம் ஒன்றும் காலுக்குக் கீழ்ப்புறம் ஒன்றுமாக இரண்டு பேரீச்சம் பன்னாடைகளைச் சுருட்டி வாய்க்காலுக்குக் குறுக்கே அடைத்திருந்தாள். எங்காவது ஏதாவது வழிந்தால் நார் குடித்துக்கொள்ளும்.

மிச்சம் இருந்தது ஃபில்டர்.

அது நேராகத் தொங்கினால் கவலையே இல்லை. இந்த வேனில் அது பக்கவாட்டில் படுத்திருந்தது. நேர் கீழே சட்டத்தின் குறுக்கு இரும்பு. ஃபில்டரைத் திருகித் தளர்த்தினால் அதற்குள் இருக்கும் அரை லிட்டரும் கழுத்து வழியாக இரும்பின் மேல் கொட்டி, இரண்டு பக்கமும் பிரிந்து, எங்கே சொட்டும் என்று சொல்ல முடியாமல் சொட்டும். அதற்காகப் பால் பவுடர் டின்னை வெட்டித் தட்டி, ஓடை மாதிரி மடித்து, இரும்பின் மேல் செருகினாள். பேரீச்சம்பழம் கட்டிக் கொடுக்கிற தடித்த பிளாஸ்டிக் பையை ஃபில்டரின் மேல் உறை மாதிரி இழுத்துவிட்டாள். பைக்குக் கீழே, தன் வயிற்றின் மேலேயே, விருந்துக்குச் சோறு வைக்கும் பெரிய அலுமினியத் தட்டை வைத்துக்கொண்டாள். வாய்க்காலில் தட்டு வைக்க வேறு இடம் இல்லை.

பைக்கு மேலாகவே ஃபில்டரைப் பிடித்துத் திருகினாள். அசையவில்லை.

உப்புத்தாளைச் சுற்றித் திருகினாள். பழைய பெல்ட்டைச் சுற்றி இழுத்தாள். பெல்ட் வழுக்கியது. மணிக்கட்டு குறுக்கு இரும்பில் அடித்துத் தோல் உரிந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி வழுக்கியது. பதினொன்று பத்து. பதினொன்று இருபது. வியர்வை காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

கடைசி வழி ஒன்று உண்டு. நீளத் திருப்புளியை ஃபில்டரின் உடம்பில் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வரச் செய்து, அதையே கைப்பிடியாக வைத்துத் திருக வேண்டும். குத்திவிட்டால் பின்வாங்க முடியாது. ஓட்டை விழுந்த ஃபில்டரோடு எஞ்சினை ஓட்ட முடியாது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஒரு மணி வரை நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள்.

திருப்புளியைப் பையின் வாய் வழியாக உள்ளே விட்டு, சுத்தியலால் அடித்தாள். மூன்றாவது அடியில் தகரம் கிழிந்தது. ஐந்தாவது அடியில் மறுபக்கம் வந்தது. கீழ் ஓட்டையிலிருந்து கறுப்பு ஆயில் நூல் மாதிரி இறங்கிப் பையின் மூலையில் சேர ஆரம்பித்தது.

அப்போது செருப்புச் சத்தம் கேட்டது.

நீலப் பிளாஸ்டிக் செருப்பு ஒரு ஜோடி, கீழ்ப்புறத்திலிருந்து வந்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றது. கூடவே ஒரு மண்வெட்டியின் இலை. மண்வெட்டியின் காம்பில் மடித்துப் போட்ட பழைய கம்பளி. மடை அடைக்கிற கம்பளி. செருப்பை வைத்தே ஆள் யாரென்று ரய்யாவுக்குத் தெரிந்தது.

“வாய்க்கால்ல படுத்துத் தூங்க வேற நாள் கிடைக்கலியா, பின்த் மர்ஹூன்?” என்று அவளைத் தகப்பன் பெயரால் கூப்பிட்டாள் நதீரா.

ரய்யா பையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “பள்ளிவாசல் முறைதானே. தண்ணி ஒரு மணிக்கு மேலதான்.”

“பள்ளிவாசல் கீழ்ப்பாத்தி வரப்பு இடிஞ்சு கிடக்கு. பாதி முறையை ஏலம் விட்டாங்க, நான் எடுத்திருக்கேன். பதினொன்றரைக்கு மடை திறக்கணும். இப்பவே ஆயிடுச்சு.”

“எப்ப ஏலம்?”

“போன வெள்ளிக்கிழமை. குரூப்ல போட்டாங்களே.”

மூன்று வாரமாக ரய்யா குரூப்பைத் திறக்கவேயில்லை.

“படம் வந்தா கோவம் வரும், பாக்க மாட்ட. ஏலம் வந்தா மட்டும் எப்படித் தெரியும்?” என்றாள் நதீரா. செருப்பு அசைந்தது. போகப் போகிறாள்.

“உம்மு ஹைதம்.” மகன் பெயரால் நதீராவைக் கூப்பிட்ட ரய்யாவின் குரல் சட்டத்தில் பட்டுத் திரும்பியது. “ஃபில்டர்ல ஓட்டை போட்டுட்டேன். இப்ப வண்டியை நகத்தவும் முடியாது, கையை எடுக்கவும் முடியாது. பத்து நிமிஷம் குடு.”

செருப்பு நின்றது. பிறகு முழங்கால் வந்தது, பிறகு கை, பிறகு நதீராவின் முகம் தலைகீழாக வேனுக்கு அடியில் எட்டிப் பார்த்தது. வெயிலிலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழகும்வரை பார்த்தாள். பை, டின் ஓடை, பன்னாடை, கடைசியில் தட்டு.

“சோத்துத் தட்டா அது?”

“ஆமா.”

“இனி உன் வீட்டு விருந்துக்கு நான் வரல.”

சிரிக்கவில்லை. ரய்யாவும் சிரிக்கவில்லை. எலுமிச்சை பூ விட்டிருக்கிறது, ஒன்றரை மணி நேரத் தண்ணீர் அதற்காக எடுத்தது, இந்த வெயிலில் ஒரு பாத்தி விட்டுப்போனால் பூ முழுக்க உதிரும் என்று நதீரா சொன்னாள். யாரிடமோ கணக்குச் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னாள். ஆயில் நூல் இறங்கிக்கொண்டிருந்தது.

“பத்து முடியாது. ஏழு” என்றாள் நதீரா. “என் கடிகாரத்துல. ஏழு முடிஞ்சதும் மடையைத் தூக்கிடுவேன், நீ உள்ள கிடந்தாலும் சரி. ஒரு சொட்டு தண்ணியில விழுந்துச்சுன்னா வகீல்கிட்ட நானே போவேன்.”

நீலச் செருப்பு மேல்நோக்கிப் போனது.

பள்ளிவாசல் மடை இருநூறு அடி மேலே, சந்தின் திருப்பத்துக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து தண்ணீர் வர இரண்டு நிமிடம் ஆகும். எப்படியும் ஒன்பது நிமிடம். கைப்பேசி கரையில், தலைக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்த்தால் தட்டு சரியும். மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள்.

முதலில் ஃபில்டர் காலியாக வேண்டும். அவசரப்பட்டுத் திருகினால் எல்லாம் கழுத்து வழியாக வரும். நூல் மெலிந்து சொட்டானது. சொட்டை எண்ணினாள். எண்பது வரை போனதும் பொறுக்க முடியாமல் திருப்புளியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். தகரம் முனகியது. கிழிந்துகொண்டே போனால் உடம்பு மட்டும் கையோடு வந்துவிடும், அடித்தட்டு எஞ்சினோடு நின்றுவிடும். அப்படி ஆனவர்களைப் பார்த்திருக்கிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். தகரம் இன்னும் அரை அங்குலம் கிழிந்தது.

பிறகு ஃபில்டர் அசைந்தது.

கால் சுற்று. அரைச் சுற்று. கழுத்திலிருந்து ஆயில் கசிந்து டின் ஓடையில் ஓடி, ஓடை நுனியிலிருந்து பைக்குள் விழுந்தது. நினைத்தபடியே விழுந்தது. இன்னொரு சுற்று. இருநூற்று நாற்பது வரை எண்ணியிருந்தாள், அல்லது இருநூற்று ஐம்பது. இடையில் எண் ஒன்று தவறிவிட்டது.

பையோடு சேர்த்து ஃபில்டரைக் கழற்றினாள். வாயை மேலே திருப்பிப் பிடித்துக்கொண்டு, பையை அதன் மேல் சுருட்டினாள். சுருட்டும்போது திருப்புளியின் கைப்பிடி ஏதோ போல்ட்டில் மாட்டியது. அவள் இழுத்தாள். பை கிழிந்தது.

கிழிசல் வழியாக ஒரு கையளவு ஆயில் தட்டில் விழுந்தது. தட்டு அவள் வயிற்றின் மேல் ஆடியது. மூச்சே விடாமல் இருந்தாள். தட்டு நின்றது. மெதுவாக ஃபில்டரையும் பையையும் அதே தட்டில் வைத்து, இரண்டு கைகளாலும் தட்டைத் தூக்கிக் கரையில் வைத்தாள். வைக்கும்போது தட்டின் விளிம்பிலிருந்து மூன்று சொட்டு அவள் இடுப்புக்குப் பக்கத்தில், வாய்க்காலின் சிமெண்ட் தரையில் விழுந்தது.

மூன்று. விழுவதை அவள் பார்த்தாள்.

தலைத்துணியை உருவி ஒற்றினாள். கறுப்பு பரவியது. கரையிலிருந்து புழுதியை ஒரு பிடி அள்ளிப்போட்டுத் தேய்த்துத் துணியில் வழித்து எடுத்தாள். மறுபடி புழுதி, மறுபடி துணி. சோப்பு போட்டால் அது தண்ணீரில் போகும், கூடாது. மூன்றாவது பிடிப் புழுதிக்குப் பிறகு சாம்பல் நிறக் கறை மட்டும் மிஞ்சியது. விரலை அழுத்திப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை. ஆனால் தண்ணீர் பட்டால் என்ன வரும் என்று விரலுக்குத் தெரியாது.

புது ஃபில்டரை எடுத்தாள். அதன் ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவினாள். மாட்டும் முன் எஞ்சினின் முகத்தைத் துணியால் துடைத்தாள். துடைத்த விரல் ஒரு மேட்டில் தடுக்கியது.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தாள். எஞ்சினின் முகத்தில் ஒரு ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டையாக நசுங்கி, கறுத்துப்போய், இரும்போடு இரும்பாக. நகத்தால் கிளப்பினாள். உரிந்து வந்தது. தட்டில் கிடந்த பழைய ஃபில்டரைத் திருப்பினாள். அதில் அதனுடைய வளையம் அப்படியே இருந்தது.

இரண்டு வளையங்கள். கடைக்காரன் அதற்கு முந்தின ஃபில்டரின் வளையத்தை எடுக்காமல், அதன் மேலேயே புதியதை முடுக்கியிருக்கிறான். முடுக்கியிருக்கிறான் என்பதை விட அமுக்கியிருக்கிறான். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, எஞ்சின் ஓடும்போதெல்லாம் கசிந்திருக்கும். புதன்கிழமையிலிருந்து இல்லை. ஐந்து வாரமாக.

நதீராவின் படம் மூன்று வாரத்துக்கு முந்தியது.

ரய்யா அசையாமல் கிடந்தாள். எத்தனை வரை எண்ணினாள் என்பது மறந்துபோயிற்று.

மேலேயிருந்து கம்பளியைக் கல்லில் அடிக்கிற சத்தம் கேட்டது. ஈரக் கம்பளி. நதீரா மடையைத் தூக்கிவிட்டாள்.

புது ஃபில்டரைக் கையால் திருகினாள். வளையம் இரும்பைத் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று. ஸ்பேனர் போடவில்லை. டின் ஓடையை உருவினாள். இரும்பின் மேல் இருந்த ஈரத்தைத் துணியின் சுத்தமான ஓரத்தால் துடைத்தாள். பன்னாடையின் நாரைக் கொஞ்சம் கிழித்து அந்தச் சாம்பல் கறையின் மேல் வைத்து அழுத்தி, ஒரு கல்லைத் தூக்கி மேலே வைத்தாள். தண்ணீர் வந்துவிட்டது; முதலில் முதுகுக்குக் கீழே குளிர்ந்தது. பிறகு காய்ந்த இலைகள் கழுத்தில் வந்து முட்டின. மேல் பன்னாடை தண்ணீரை அரை நிமிடம் பிடித்து வைத்திருந்தது. அதற்குள் அவள் கரையில் முழங்கை ஊன்றி ஏறி, வேனுக்கு வெளியே உருண்டு வந்தாள். அங்கி முதுகிலிருந்து குதிகால்வரை நனைந்திருந்தது.

தண்ணீர் வேனுக்கு அடியில் போனது. புழுதி, வேப்பிலை, ஒரு மிட்டாய்க் காகிதம். கீழ்ப் பன்னாடையில் முட்டி, கலங்கி, நாரின் வழியே வழிந்து இறங்கியது. ரய்யா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது. இமைக்கவில்லை.

நதீரா மண்வெட்டியோடு கீழே இறங்கி வந்தாள். அவளும் நின்று தண்ணீரைப் பார்த்தாள். இரண்டு பேரும் பார்த்தார்கள்.

“விழுந்துச்சா?” என்றாள் நதீரா.

இல்லை என்று சொல்லலாம். கல்லுக்கு அடியில் இருப்பது யாருக்கும் தெரியாது.

“மூணு சொட்டு. தரையில. துடைச்சிட்டேன்.”

நதீரா கீழ்ப் பன்னாடையை மண்வெட்டி முனையால் தூக்கினாள். நார் தண்ணீரைச் சொட்டியது. வெயிலில் பிடித்துத் திருப்பினாள். ஒரு ஓரத்தில், நகம் அளவுக்கு, ஊதாவும் பச்சையும் மின்னியது. அதைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ரய்யா தட்டிலிருந்து இரண்டு வளையங்களையும் எடுத்து நீட்டினாள். எது எங்கே இருந்தது என்று சொன்னாள். கடை, ஐந்து வாரம், எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்ததும் அது போதாது என்று தெரிந்தது.

“அன்னைக்கு உன் பாத்தியில நின்னது என் ஆயில்தான்.”

“நான் பொய் சொல்றேன்னு சொன்ன” என்றாள் நதீரா.

“சொன்னேன்.”

“கமிட்டி முன்னாடி.”

“ஆமா.”

“என் மாமியார் முன்னாடி. இன்னிக்கு வரைக்கும் ரொட்டி சுடும்போதெல்லாம் அதையே சொல்லிக் காட்டுது அது.”

ரய்யா தலையசைத்தாள். தலையில் துணி இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒலிபெருக்கியில் பிரசங்கம் தொடங்கியது. நதீரா பன்னாடையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து ரய்யாவின் தலையில் போட்டாள்.

“வண்டியை இங்க ஸ்டார்ட் பண்ணாத” என்றாள். “தண்ணி மேல பண்ணாத.”

சந்து கீழ்நோக்கிச் சரிவாக இருந்தது. நாற்பது அடியில் அது அகலமாகும், வாய்க்கால் சுவரோரம் ஒதுங்கும். ரய்யா கை பிரேக்கை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். சக்கரம் இரண்டு விரல் நழுவினால் வேன் வாய்க்காலுக்குள் இறங்கும். நதீரா பின்னால் தோள் கொடுத்தாள். பின்னாலிருந்து, கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில், பள்ளிப் பிள்ளைகளை இப்படித்தான் ஓட்டுவியா என்று கேட்டாள்.

அகலமான இடத்தில் அட்டையை விரித்து, புது ஆயிலைப் புனல் வைத்து ஊற்றினாள் ரய்யா. டின்னை எஞ்சின் விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். ஸ்டார்ட் செய்தாள். இறங்கி ஓடி வந்து கீழே எட்டிப் பார்த்தாள். எஞ்சின் ஓடும்போது வருகிற அழுத்தத்தில்தான் உண்மை தெரியும். ஃபில்டரின் கழுத்து காய்ந்திருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். விரலை விட்டுச் சுற்றித் தடவினாள். காய்ந்த விரல்.

நதீரா போகவில்லை. அவளுடைய தண்ணீர் அவளுடைய பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சுவர் நிழலில் நின்றாள். பன்னாடை காலடியில் கிடந்தது. எரிக்க எடுத்துப் போகிறாளா, காட்ட எடுத்துப் போகிறாளா என்று ரய்யாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

தொழுகை முடிந்து முதலில் வந்தவர் வகீல் ஹுமைத். வெள்ளை அங்கி, இடுப்பில் வெள்ளிக்கிழமைக்குச் செருகிய வெள்ளிப் பிடிக் கத்தி, அத்தர் வாசனை. கையில் ஒரு ஜோடி செருப்பு. வெறுங்காலோடு வந்தார்.

மடை யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்டார். பதினொன்றரைக்குத் திரும்ப வேண்டிய தண்ணீர் திரும்பவில்லை. மேல்பாத்திகள் நிரம்பி, இடிந்த வரப்பு வழியாகப் பள்ளிவாசல் வாசலுக்கு வந்துவிட்டது. முப்பது ஜோடிச் செருப்பு மிதந்தது. பிரசங்கம் நடக்கும்போது எழுந்து போய் எடுக்கவும் முடியாமல், ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏழு நிமிஷம் நான்தான் நிறுத்தி வெச்சேன்” என்றாள் நதீரா.

“ஏன்?”

“அவகிட்ட கேளுங்க.”

ஹுமைத் ரய்யாவைப் பார்த்தார். நனைந்த அங்கியை, கறுத்த கைகளை, அட்டையை, தட்டை. ரய்யா சொன்னாள். வாய்க்காலுக்குள் படுத்ததிலிருந்து தொடங்கினாள். மூன்று சொட்டைச் சொன்னாள். வளையங்களை அவர் கையில் வைத்தாள். மூன்று வாரத்துக்கு முந்தின படத்தையும் சொன்னாள். கமிட்டி முன் தான் சொன்னது தவறு, நதீரா சொன்னது சரி என்றாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

அவர் வளையங்களைச் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தார். திருப்பத்தில் இன்னும் நாலைந்து பேர் செருப்பை உதறிக்கொண்டே வந்து நின்றார்கள்.

“அன்னைக்கும் முறை உன்னுது, இன்னிக்கும் முறை உன்னுது” என்று நதீராவிடம் சொன்னார். “முறைக்காரி புகார் சொன்னாத்தான் கமிட்டி கூடும். சொல்லு. புகார் உண்டா?”

நதீரா பன்னாடையைக் காலால் இந்தப் பக்கம் புரட்டினாள். அந்தப் பக்கம் புரட்டினாள். வெயிலில் அது காயத் தொடங்கியிருந்தது. நிறம் தெரிகிறதா என்று ரய்யா நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. மேல்தெருப் பிள்ளைகள் பதினோரு பேரும் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.

“ஏழு நிமிஷம் எனக்கு வேணும்” என்றாள் நதீரா. “செவ்வாய்க்கிழமை அவ முறையிலேர்ந்து.”

“அது நியாயம். புகார்?”

“அதான் சொன்னேனே, அவ்வளவுதான்.”

“படம்?”

“அதை என் மாமியார்கிட்ட அவ வந்து சொல்லட்டும். நேர்ல. இன்னிக்கே.”

ஹுமைத் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு, இனி எந்த வண்டியும் வாய்க்காலுக்கு மேல் நிற்கக் கூடாது, யாருடையதானாலும், என்று சற்று உரக்கச் சொன்னார். வேன் சந்தில் வந்து போகலாம். போன மாதம் அவருடைய வண்டியும் அங்கேதான் நின்றது. யாரும் அதைப் பேசவில்லை. ஈரச் செருப்பைக் கீழே போட்டு, கால் நுழைத்து, சத்தம் எழும்ப நடந்து போனார்.

நதீரா மண்வெட்டி முனையில் பன்னாடையைத் தூக்கிக்கொண்டாள்.

“அடுப்புல போட்டுடுறேன்” என்றாள். “துண்டைத் துவைச்சுக் குடு.”

நதீராவின் மாமியாரிடம் வெள்ளிக்கிழமையே போய்ச் சொல்லியிருந்த ரய்யா, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தன் நான்கு பேரீச்ச மரங்களின் பாத்தியில் நின்றாள். அவளுக்கு முப்பது நிமிடத் தண்ணீர். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் நதீரா வந்தாள். கம்பளியை மடையில் வைத்துக் கல்லால் அடைத்தாள். நான்காவது மரத்தின் பாத்தி பாதிதான் நனைந்திருந்தது.

தண்ணீர் திரும்பிக் கீழ்நோக்கிப் போனது. நதீராவும் அதன் கூடவே போனாள். ரய்யா வாய்க்காலோரம் குந்தி உட்கார்ந்து, போகிற தண்ணீரின் மேற்பரப்பையே பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தது. அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.